வெளுக்க ஒரு களிம்பு, கறுக்க ஒரு களிம்பு

இந்த வாரம் எனக்கு வந்த கடிதக் கட்டில் இரண்டு கடிதங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. ஒன்று மேற்கு மாம்பலத்திலிருந்து வந்தது, மற்றொன்று அடையாற்றிலிருந்து. முதல் கடிதத்தைப் படித்து மடித்து வைத்துவிட்டு இரண்டாவதைப் பிரித்தேனோ இல்லையோ, இரண்டு பேரும் சொல்லி வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்களோ என்ற சந்தேகமே வந்துவிட்டது எனக்கு!

மாம்பலம் சகோதரி எழுதுகிறார்:

"என் பெண்ணுக்குத் தை மாதம் கலியாணம். மாநிறம், மூக்கும் முழியுமாக லட்சணமாக இருப்பாள். நிச்சயதார்த்தத்தன்று பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி, 'எல்லாம் சரிதான், நிறந்தான் ஒரு மாற்றுக் குறைவு' என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது என் பெண் காதில் விழுந்து தொலைத்தது. அன்று முதல் கண்ணாடிக்கு முன்னால் நின்றால் கண் கலங்குகிறாள். எதிர் வீட்டு மாமி ஒரு ட்யூப் களிம்பைச் சொன்னாள். மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே கொடுக்கிறார்கள். மூன்று வாரமாக ராத்திரி தோறும் போடுகிறாள். முகம் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லோரும் மெச்சுகிறார்கள். ஆனால் வெயிலில் போனால் சுருக்கென்று எரிகிறதாம். அவளுக்குப் பரு, படை ஒன்றும் கிடையாது. நல்ல தோல். நல்ல தோலுக்கு இதனால் கெடுதல் உண்டா? கலியாணம் வரையில் போடலாமா? ட்யூபில் பொடி எழுத்தில் கண்ட பெயர்களைக் கீழே எழுதியிருக்கிறேன்."

அடையாற்றுப் பாட்டியம்மாளின் கடிதம் இது:

"என் பேத்தி இங்கிலாந்தில் மான்செஸ்டரில் படிக்கிறாள். அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் வெள்ளைக்காரப் பெண் வாரத்துக்கு ஒரு தரம் ஏதோ களிம்பைப் பூசிக்கொண்டு கறுத்துப் போகிறாளாம். படுக்கை விரிப்பு, துண்டு எல்லாம் பழுப்புக் கறை; வீடெல்லாம் பிஸ்கோத்து வாசனை! நல்ல தோலை இப்படிச் செய்துகொண்டால் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாதா? என் பேத்திக்கு ஒட்டிக்கொள்ளாதே?"

வேடிக்கையைப் பார்த்தீர்களா? இங்கே ஒரு பெண் வெளுக்கவேண்டும் என்று தவிக்கிறாள். அங்கே ஒரு பெண் கறுக்கவேண்டும் என்று காசு கொடுக்கிறாள். ஆனால் இரண்டு கடிதத்திலும் கேள்வி ஒன்றேதான்: நோய் நொடி இல்லாத நல்ல தோலில், நிறத்தை மாற்ற ஒரு களிம்பைப் பூசலாமா?

இதற்கு 'பூசலாம்', 'கூடாது' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அந்தக் களிம்பு தோலில் எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்பதைப் பொறுத்த விஷயம் அது. அதைத் தெரிந்துகொண்டால், இனி எந்தக் களிம்பை யார் கொண்டுவந்து நீட்டினாலும் நீங்களே எடை போட்டுவிடலாம்.

தோலின் சங்கதி

நாம் கையால் தொட்டுப் பார்க்கிறோமே, அந்த மேல் தோல் உண்மையில் உயிரற்றது. மீன் செதில் மாதிரி மெல்லிய பொருக்குகள் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தினமும் குளிக்கும்போதும் துடைக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கின்றன. அடியிலிருந்து புதிய அணுக்கள் மேலே வந்துகொண்டே இருக்கின்றன. ஏறக்குறைய ஒரு மாதத்தில் மேல் தோல் முழுவதும் புதிதாகிவிடுகிறது.

இந்தப் பொருக்குக்கு அடியில் உயிருள்ள அடுக்கு இருக்கிறது. அதன் அடிவரிசையில் மெலனின் என்ற கறுப்புச் சாயத்தைத் தயாரிக்கும் அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. வெள்ளைக்காரிக்கு இந்த அணுக்கள் குறைவு, நமக்கு அதிகம் என்று நினைக்கிறீர்களா? இல்லை. எண்ணிக்கை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை தயாரிக்கும் சாயத்தின் அளவும் தினுசுந்தான் வேறு. அந்தச் சாயம் எதற்கு? வெயிலின் புற ஊதாக் கதிர்கள் உள்ளே போய் அணுக்களைக் கெடுக்காமல் தடுக்கத்தான். நம் ஊர் வெயிலுக்கு இயற்கை விரித்துக் கொடுத்த குடை அது. வெள்ளைக்காரர்களுக்கு வருகிற அளவுக்கு நம்மவர்களுக்குத் தோல் புற்றுநோய் வராததற்கு இந்தக் குடை ஒரு முக்கிய காரணம்.

இந்த உயிருள்ள அடுக்குக்கும் கீழே ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. ஆக, களிம்பு போகக்கூடிய இடம் மூன்று: உயிரற்ற பொருக்கு, உயிருள்ள அடுக்கு, ரத்தம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

கறுக்கும் களிம்பு

முதலில் பாட்டியம்மாளின் கவலையைத் தீர்த்துவிடுவோம். அது சுலபம்.

ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் வெளுப்புத்தான் பெரிய மனிதத்தனம். வயலில் வேலை செய்கிறவர்கள் வெயிலில் கறுப்பார்கள். மாளிகையில் இருக்கிற சீமாட்டி குடை பிடித்துக்கொண்டு நடப்பாள். பிறகு ஜனங்கள் தொழிற்சாலைக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் போய் அடைந்துகொண்டார்கள். 1920-களில் கடற்கரைக்குப் போய் வெயில் காய்ந்து பழுப்பாகத் திரும்பி வருவது வசதியுள்ளவர்களின் அடையாளமாகிவிட்டது. நிறத்துக்கு என்று தனியாக ஒரு மதிப்பும் இல்லை. யாரிடம் காசு இருக்கிறதோ அவர்கள் நிறத்துக்கு மதிப்பு!

வெயில் காயாமல் பழுப்பாக ஒரு வழி 1950-களில் தற்செயலாகக் கிடைத்தது. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரில் ஈவா விட்கென்ஸ்டைன் என்ற பெண்மணி, ஒருவகைப் பிறவிக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு டைஹைட்ராக்ஸி அஸிடோன் என்ற ஒரு சர்க்கரைப் பொருளைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். குழந்தைகள் அல்லவா? குடித்ததில் கொஞ்சத்தைத் துப்பினார்கள். துப்பியது துணியில் பட்டால் கறை இல்லை. தோலில் பட்ட இடம் மட்டும் சில மணி நேரத்தில் பழுப்பாகியது. அவர் தம் தோலிலேயே அதைத் தடவிப் பார்த்து நிச்சயம் செய்துகொண்டார். சில வருஷங்களில் அது களிம்பாகக் கடைக்கு வந்துவிட்டது. இன்றைக்கும் வெள்ளைக்காரப் பெண்கள் பூசிக்கொள்ளும் களிம்பில் பெரும்பாலும் இதே சரக்குத்தான்.

அது எப்படி வேலை செய்கிறது? தோசைக் கல்லில் மாவு முறுகிச் சிவக்கிறதே, ரொட்டியின் மேல்பக்கம் பழுப்பாகிறதே, அதே ஜாதி ரசாயன மாறுதல்தான். இந்தச் சர்க்கரைப் பொருள் மேல் தோலின் புரதத்தோடு சேர்ந்து பழுப்பு நிறம் கொள்கிறது. பிஸ்கோத்து வாசனைக்கும் காரணம் அதுதான். நடப்பதெல்லாம் அந்த உயிரற்ற பொருக்கிலே. ஏறக்குறைய அதோடு நின்றுவிடுகிறது. பொருக்கு உதிர உதிர நிறமும் போய்விடும். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். ஆகவே நல்ல தோலுக்கு இது பொதுவாகக் கெடுதல் செய்வதில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளிப் பூச்சாக இதை அனுமதிக்கிறது. ஐரோப்பாவில் 10 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக்கூடாது என்று வரம்பு இருக்கிறது.

ஆனாலும் மூன்று எச்சரிக்கை உண்டு. ஒன்று, புகையாகப் பீச்சிக்கொள்ளும் தினுசை மூச்சில் இழுக்கக்கூடாது. கண்ணிலும் உதட்டிலும் படக்கூடாது. இரண்டு, 'கறுத்துவிட்டோம், இனி வெயில் ஒன்றும் செய்யாது' என்று நினைக்கக்கூடாது. அது வேஷக் கறுப்பு; குடையாகாது. மூன்று, சிலருக்கு அதில் கலந்திருக்கும் வாசனைத் திரவியம் முதலியவை ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு எடுக்கும். முழங்கைக்கு உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பூசவேண்டும்.

இதற்குப் பதிலாக விளக்குப் படுக்கையில் படுத்துக் கறுப்பதுதான் விபரீதம். அந்த விளக்குகளின் புற ஊதாக் கதிர்கள் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2009-ல் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. கறுப்பதற்கென்று விற்கும் மாத்திரை, ஊசி, மூக்கில் பீச்சும் மருந்து இவற்றின் பக்கமே போகக்கூடாது.

பாட்டியம்மாளே, அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் பேத்திக்கும் ஒட்டாது. துண்டை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்!

வெளுக்கும் களிம்பு

இனி மாம்பலம் சகோதரிக்கு. அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் கீழே எழுதியிருக்கும் மூன்று பெயர்களைப் பார்த்ததும் திக்கென்றது. ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின், மொமெடஸோன். இது ஸ்நோவும் அல்ல, பவுடரும் அல்ல. மருந்து.

இந்தக் கூட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1975-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் வைத்திய நிபுணரும் அவருடைய சகாவும் மூன்று மருந்துகளைக் கலந்து ஒரு களிம்பு செய்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் உங்கள் ட்யூப். நம் பெண்களுக்குக் கன்னத்திலும் மூக்கிலும் மங்கு விழுகிறதே, அதைப் போன்ற கறைகளுக்கு டாக்டர் பார்த்து, சில வாரங்களுக்கு, கறை உள்ள இடத்தில் மட்டும் தடவச் சொல்லுவார். அதற்குரிய நல்ல மருந்துதான். ஆனால் மங்கே இல்லாத முகம் முழுவதும், மாதக் கணக்கில், ஸ்நோ மாதிரி பூசினால் என்ன ஆகும்?

மூன்றில் மொமெடஸோன் என்பது ஸ்டீராய்டு வகை. நீங்கள் மெச்சும் பளபளப்பு இதனுடைய வேலைதான். இது தோலின் கீழே உள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. முகம் வெளிறித் தோன்றுகிறது. சாயம் தயாரிக்கும் அணுக்களை அடக்குகிறது, நிறம் மட்டுப்படுகிறது. முதல் சில வாரம் எல்லாம் அமிர்தமாக இருக்கும். அதற்குள் தோல் மெலிய ஆரம்பித்துவிடும். வெயில் பட்டால் எரியும்; முகம் சிவக்கும். போகப் போகக் கன்னத்தில் சிவப்பு நூல் மாதிரி ரத்தக் குழாய்கள் தெரியும். இதுவரை இல்லாத பரு கொத்துக் கொத்தாக வரும். பெண் முகத்தில் ரோமம் அடர்ந்து வளரும்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பயந்துபோய் நிறுத்தினால் முகம் தகதகவென்று எரிந்து, சிவந்து, பருவும் அரிப்புமாக வெடிக்கும். மறுபடி போட்டால் அடங்கும். "பார்த்தாயா, இந்தக் களிம்பு இல்லாவிட்டால் முகமே கெட்டுப்போகிறது" என்று மறுபடியும் அதையே வாங்குவாள். லாகிரி பழகினவன் கதைதான்! இப்படிக் கெட்டுப்போன முகங்களை நம் நாட்டுத் தோல் டாக்டர்கள் ஏராளமாகப் பார்த்துப் பார்த்து, 2008-ல் இதற்கென்றே 'ஸ்டீராய்டால் கெட்ட முகம்' என்று தனிப் பெயர் வைத்துவிட்டார்கள்.

"முகத்துக்குத்தானே, கொஞ்சந்தானே போடுகிறாள்?" என்று சொல்லுவீர்கள். முகம் என்பதுதான் வினை. 1967-ல் அமெரிக்காவில் இரண்டு டாக்டர்கள் உடம்பின் ஒவ்வோர் இடத்திலும் இந்த வகை மருந்து எவ்வளவு ஊறி உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் ஒரு பங்கு என்றால், நெற்றியில் 6 பங்கு. தாடை ஓரத்தில் 13 பங்கு! கையில் பொறுத்துக்கொள்ளும் மருந்தை முகம் பொறுக்காது.

இது ஏதோ உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிறது என்று எண்ணவேண்டாம். 2011-ல் இந்தியத் தோல் டாக்டர்கள் பல ஊர் ஆஸ்பத்திரிகளில் எடுத்த கணக்கை வெளியிட்டார்கள். முகத்தில் கோளாறு என்று வந்த 2926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதைச் சொன்னவர் டாக்டர் அல்ல; கடைக்காரர், அக்கம்பக்கத்தார், உறவினர். எல்லாருக்கும் ஓர் எதிர் வீட்டு மாமி இருக்கிறாள்! பாவம், அவள் நல்லதென்று எண்ணித்தான் சொல்லுகிறாள்.

இனி ஹைட்ரோகுவினோன். இது சாயம் உண்டாவதைத் தடுக்கும் மருந்து. டாக்டர் கண்காணிப்பில் குறைந்த காலம் போட்டால் பலன் உண்டு. வருஷக் கணக்கில் போட்டால் சிலருக்கு வெளுப்பதற்குப் பதில் கருநீலமாகக் கறை படிந்துவிடும். அந்தக் கறையைப் போக்குவது மிகக் கடினம். 1975-ல் தென்னாப்பிரிக்காவில் வெளுப்புக் களிம்பு பூசிய பெண்களின் முகத்தில் இதைக் கண்டு ஒரு டாக்டர் எழுதினார். பதினைந்து வருஷம் கழித்து, 1990-ல், அந்த நாடு இந்த வகைக் களிம்புகளின் விற்பனையையே தடை செய்தது. ஐரோப்பிய நாடுகளும் 2001-ல் முகப்பூச்சுகளிலிருந்து இதை விலக்கிவிட்டன.

மூன்றாவதான ட்ரெடினாயின் மேல் தோலைச் சீக்கிரம் உரியச் செய்யும். அதனாலும் வெயிலில் எரிச்சல் வரும். தவிர, கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்தை எதிர்பார்ப்பவர்களும் இதைப் பூசக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். தை மாதம் கலியாணம் செய்துகொள்ளப்போகிற பெண்ணுக்கு இது எவ்வளவு முக்கியமான செய்தி என்று நான் விளக்கவேண்டியதில்லை.

பெயரே இல்லாத களிம்பு

மருந்துக் கடை ட்யூபிலாவது பொடி எழுத்தில் பெயர் இருக்கிறது. அழகு நிலையத்தில் டப்பாவில் வழித்துக் கொடுப்பதும், வெளிநாட்டிலிருந்து வந்தது என்று கைமாறுவதும், தயாரித்தவர் விலாசமே இல்லாமல் விற்பதும் இருக்கின்றனவே, அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுக்கும். பத்தே நாளில் முகம் வெளுக்கும். ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய் உட்காரும். பூசியவள் கையிலிருந்தும் துணியிலிருந்தும் வீட்டுக் குழந்தைகள் உடம்புக்கும் போகும்.

பக்கத்துக் கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் நடந்ததைக் கேளுங்கள். 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஒருவகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். காலும் முகமும் வீக்கம்; சிறுநீரில் புரதம் போகிறது. அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரு தினுசு நோய். டாக்டர்கள் துருவித் துருவி விசாரித்ததில், அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள் என்று தெரிந்தது. களிம்புகளைச் சோதித்தால் பாதரசம்! நல்ல காலம், களிம்பை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். பிறகு கேரள அதிகாரிகள் கடை கடையாகச் சோதனை போட்டு இத்தகைய சரக்குகளைப் பறிமுதல் செய்தார்கள்.

நம் வீட்டுப் பெண்களுக்குப் பாதரசத்தைத் தெரியாதா? உடைந்த தெர்மாமீட்டரிலிருந்து உருண்ட துளி வளையலில் பட்டால் தங்கம் வெள்ளையாகிவிடுகிறதே! "நகையில் படாமல் பூசவும்" என்று ஒரு களிம்பில் எழுதியிருந்தால், அதை அப்படியே கீழே வைத்துவிடுங்கள். தங்கத்தை வெளுக்கச் செய்வது உங்கள் சிறுநீரகத்தை விட்டுவைக்குமா?

என்ன செய்யலாம்?

மாம்பலம் சகோதரிக்கு முதலில் சொல்லுகிறேன். இந்த வாரமே பெண்ணை ஒரு தோல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அந்த ட்யூபையும் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை நாள் போட்டாள், எவ்வளவு போட்டாள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மூன்று வாரந்தான் ஆகியிருக்கிறது என்பது நல்ல செய்தி. ஒரேயடியாக நிறுத்துவதா, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா என்று அவர் சொல்லுவார். நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம்; மாதக் கணக்கில் பூசிவருகிற மற்றச் சகோதரிகளுக்கும் இதே வார்த்தை. நடுவில் கொஞ்ச நாள் முகம் சிவந்து பரு வந்தாலும் வரலாம். பயந்து மறுபடி பழைய ட்யூபைத் தேடாதீர்கள். தைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

மற்றவர்களுக்குச் சில அடையாளங்கள். ட்யூபில் சிவப்புக் கோடும் 'ஆர்எக்ஸ்' என்ற குறியும் இருந்தால் அது டாக்டர் சீட்டுக்கு மட்டும் கொடுக்கவேண்டிய மருந்து. 2018-ல் மத்திய அரசு இன்னும் 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை இந்தப் பட்டியலில் சேர்த்தது. கடைக்காரர் சிரித்த முகத்தோடு சீட்டில்லாமல் நீட்டினாலும் வாங்காதீர்கள். பீட்டாமெதஸோன், மொமெடஸோன், க்ளோபிடஸால், ஃப்ளுவோஸினலோன் என்ற பெயர்களைச் சமையலறை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தயாரித்தவர் பெயரும் லைஸென்ஸ் நம்பரும் சேர்ந்த சரக்குகளும் இல்லாத களிம்பு எவ்வளவு ஒசத்தி என்றாலும் வேண்டாம்.

சாதாரண முகப்பூச்சுகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். ஒழுங்காக லைஸென்ஸோடு விற்கும் முகப்பூச்சு தோலை மெத்தென்று வைக்கும். வெயிலில் ஏறிய கறுப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். பிறவி நிறத்தை மாற்றாது. பிறவி நிறம் எது என்று தெரியவேண்டுமா? மேல் கையைத் தூக்கி, வெயிலே படாத உள்பக்கத்தைப் பாருங்கள். அதுதான் நீங்கள். எந்தப் பூச்சும் நேர்மையாக அதற்கு மேல் கொண்டுபோக முடியாது.

ஏறிய கறுப்பு இறங்க வேண்டுமானால், முதலில் மேலும் ஏறாமல் பார்க்கவேண்டும். காலை பத்திலிருந்து மாலை நாலு வரையில் வெளியே போனால் குடை பிடியுங்கள். வெயில் தடுப்புக் களிம்பு 30 எண்ணுள்ளதாகப் பார்த்து, புறப்படுமுன் தாராளமாகப் பூசி, வெளியிலேயே இருந்தால் இரண்டு மணிக்கு ஒரு தரம் மறுபடி பூசுங்கள். கஸ்தூரி மஞ்சளும் பயற்றம்மாவும் ஒத்துக்கொள்ளுகிறவர்களுக்குச் சௌக்கியமான பூச்சு. ஆனால் எலுமிச்சம்பழத்தை அறுத்து முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். எலுமிச்சைச் சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து கறுப்புத் திட்டு விழும். வெளுக்கப் போய்க் கறுத்த கதையாகும்!

கடைசியாக ஒரு வார்த்தை

தோலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஆனால் உங்கள் பெண்ணின் முகத்தில் எரிச்சல் அந்தக் களிம்பிலா ஆரம்பித்தது? 'ஒரு மாற்றுக் குறைவு' என்று காதில் விழுந்ததே, அப்போதே ஆரம்பித்துவிட்டது. அதற்கு டாக்டரிடம் மருந்து இல்லை. உங்களிடம் இருக்கிறது.

திரௌபதிக்குக் கிருஷ்ணை என்று ஒரு பெயர். கறுப்பி என்று அர்த்தம். அவள் சுயம்வரத்துக்குத் தேசத்து ராஜாக்கள் எல்லாம் வந்து நின்றார்கள். கரியவனான கண்ணனை 'என் கறுப்பா' என்று கொஞ்சாத தாய் நம் ஊரில் உண்டா? பிள்ளைக்குக் கறுப்பு அழகு, பெண்ணுக்குக் கறுப்புக் குறை என்று எந்த சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? கறுப்பான பெண்ணை வருத்தமுள்ளவளாகவும் தோற்றவளாகவும் காட்டக்கூடாது என்று விளம்பரக்காரர்களே 2014-ல் தங்களுக்கு ஒரு விதி செய்துகொண்டார்கள். 'கறுப்பும் அழகே' என்று 2009-ல் ஓர் இயக்கத்தை ஆரம்பித்தது நம் சென்னையில்தான். கலியாண வீட்டுத் திண்ணைப் பேச்சுக்கு மட்டும் இன்னும் விதி வரவில்லை.

ஆகையால் டாக்டரிடம் போய்வந்த அன்று சாயங்காலம், பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலை பின்னிக்கொண்டே சொல்லுங்கள்: "உன் நிறம் என் அம்மா நிறம். எனக்கு அது பிடிக்கும்." பிறகு பிள்ளை வீட்டாரோடு பேசும்போது, சுமுகமாகவே, சிரித்துக்கொண்டே, "எங்கள் பெண் இந்த நிறந்தான்; மணையிலும் இதே நிறத்தில்தான் உட்காருவாள்" என்று ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். பிள்ளை வீட்டிலும் பெண்களைப் பெற்றவர்கள் இருப்பார்கள்; புரிந்துகொள்ளுவார்கள்.

எதிர் வீட்டு மாமியைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பக்கத்தை மட்டும் படிக்கக் கொடுத்துவிடுங்கள். அவளுக்கும் ஒரு பெண் இருக்கலாம். அந்தப் பெண்ணின் தலையணைக்கு அடியிலும் ஒரு ட்யூப் இருக்கலாம்.

கலியாணம் ஆனதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.